மிகாமோ முடிக்கும் வரை

கமிஹாமாவில் ஓர் ஆணுக்கு அறுபத்தைந்து வயதாகிவிட்டால், அவரைப் பற்றி ஊரார் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். காகித ஆலையில் எந்தப் பகுதியில் இருந்தார்? இப்போது காலையில் எங்கே போகிறார்? முதல் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லாதவர்களுக்காக நகராட்சி அலுவலகத்தின் பின்புறம் மூத்தோர் வேலை மையம் நடந்தது. பைன் மரம் கத்தரிப்பது, நகர்த்துக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது, சைக்கிள் நிறுத்தம் பார்த்துக்கொள்வது என்று அங்கே பல பயிற்சி வகுப்புகள் இருந்தன. எதை முதலில் சொல்லித்தருவது, எதை விட்டுவிடுவது, எப்போது ஓய்வு கொடுப்பது என்று அந்த வகுப்புகளுக்கெல்லாம் திட்டம் போட்டவள் சுகேகாவா யசுயோ.

ஊருக்கு எதிரே கடலில் தெரியும் ஆரஞ்சுத் தோட்டத் தீவில் பிறந்தவள் அவள். பள்ளி முடித்ததும் ஆலையின் வெட்டும் பகுதி அலுவலகத்தில் சேர்ந்தாள். பெரிய காகித உருளைகளை அளவுக்கு வெட்டி அடுக்கும் பகுதி அது. பதினோரு ஆண்டுகள் அங்கே தேநீர் ஊற்றினாள், தட்டச்சு செய்தாள். பிறகு பயிற்சிப் பகுதிக்கு மாற்றினார்கள். புதிதாக வருபவர்கள் ஒரு பாடத்தில் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறார்கள், எந்த இடத்தில் புரியாமலே தலையாட்டுகிறார்கள் என்று கவனிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அறுபது வயதில் ஓய்வு பெற்றதும் மையத்தில் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தாள்.

ஒரு பாடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன் தானே செய்து பார்ப்பாள். முதியவர்களின் சிரமம் தெரிய, இரண்டு ஜோடிக் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மூக்குக் கண்ணாடியில் களிம்பு தடவி, முழங்காலில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு செய்வாள். முடிந்ததும் கணவர் ஹிசாஷியைச் செய்யச் சொல்வாள். அவரும் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? எனக்கு நிஜமாவே கண்ணும் தெரியலை, முட்டியும் மடங்கலை," என்பார் அவர்.

"அதனாலதாங்க உங்களைக் கூப்பிடறேன்," என்பாள் யசுயோ.

அவளுக்கு அறுபத்திரண்டு வயதானபோது புதிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினாள். ஊர்க் கோடியில் ஹிடமாரி என்றொரு முதியோர் இல்லம் இருந்தது. படுக்கை விரிக்க அங்கே ஆள் கிடைக்கவில்லை. அதன் பொறுப்பாளர் நிஷிகோரி அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வகுப்பின் கடைசி நாளன்று, மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் காலை உணவு முடித்துத் திரும்புவதற்குள் அந்த மாடியின் படுக்கைகள் எல்லாம் புது விரிப்போடு இருக்க வேண்டும். இருந்தால் ஆட்களை எடுத்துக்கொள்வார்.

முதல் வகுப்பில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர், மனைவி கேலி செய்ததால் நின்றுவிட்டார். மற்ற இருவரால் பாதி மாடியைக்கூட முடிக்க முடியவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பை மூடிவிடுவோம் என்று மைய நிர்வாகம் சொல்லிவிட்டது. யசுயோவின் சம்பளம் அந்த வகுப்புக்கான நிதியிலிருந்து வந்தது. வகுப்புப் போனால் அவள் வேலையும் போகும்.

ஆள் சேர்ப்பதுதான் முதல் வேலை என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் மிகாமோவிடம் போனாள்.

மிகாமோ வெட்டும் பகுதியின் தலைவராக இருந்தவர். யசுயோ தேநீர் ஊற்றியது அவருக்குத்தான். காய்கறிக் கடையில் மனைவி தள்ளுவண்டியைத் தள்ள, அவர் வெறுங்கையோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார். யசுயோ விஷயத்தைச் சொன்னாள். அவர் வாய் திறக்கும் முன்பே மனைவி திரும்பினாள்.

"கூட்டிட்டுப் போங்க, சுகேகாவாசான். எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வருஷமா நான் அடுப்படிக்குப் போனா அடுப்படிக்கு வர்றார், மாடிக்குப் போனா மாடிக்கு வர்றார்."

மிகாமோ முள்ளங்கிகளைப் பார்த்தபடி, "படுக்கை விரிக்கிறதுதானே? கத்துக்கலாம்," என்றார்.

அறிவிப்பில் அவர் பெயரை முதலில் போட்டாள். இரண்டே நாளில் இன்னும் ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரும் வெட்டும் பகுதியில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். யசுயோவுக்கு அன்று சந்தோஷம் பிடிபடவில்லை.

முதல் நாளே ஒரு விதி சொன்னாள். இங்கே பழைய பதவி கிடையாது, எல்லாரும் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லை மட்டும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். மிகாமோவும் ஆட்டினார். ஹொஷினா என்பவர், இயந்திரத்தில் ஒரு விரல் நுனியை இழந்தவர், குறும்புக்காரர், கையை உயர்த்தினார்.

"டீச்சர், நாப்பது வருஷமா 'தலைவரே'ன்னு கூப்பிட்ட வாய். இன்னைக்கு மாத்துன்னா பல் செட்டு கழண்டு விழுந்துடும்."

சிரித்தார்கள். ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யசுயோ அந்த விஷயத்தை அத்தோடு மறந்தாள்.

மையத்தின் பயிற்சி அறையில் எட்டுக் கட்டில்கள், ஆளுக்கு ஒன்று. மிகாமோவின் கையில் விரிப்பு காகிதம்போல நடந்துகொண்டது. மூலையை முக்கோணமாக மடித்து, உள்ளங்கையால் நீவி, குனிந்து ஓரம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பிரித்து மறுபடி மடிப்பார். அவர் விரித்த படுக்கையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் ஒன்றை முடிக்கும் நேரத்தில் இல்லத்துப் பணிப்பெண்கள் மூன்றை முடித்துவிடுவார்கள். மற்ற ஏழு பேரும் அவரைப்போலவே மெதுவாகத்தான் செய்தார்கள்.

வயதான கை, அப்படித்தான் இருக்கும் என்று யசுயோ திட்டத்தை மாற்றினாள். கனமான விரிப்புகளை மாற்றி மெல்லியவை கொண்டுவந்தாள். ஒரு பாடத்தை இரண்டாக உடைத்தாள். காலையில் தோளுக்கும் விரலுக்கும் உடற்பயிற்சி சேர்த்தாள். கட்டிலின் உயரத்தைக் கூட்டினாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் சோற்றையும் முள்ளங்கி ஊறுகாயையும் முன்னால் வைத்துக்கொண்டு கணவரிடம் புலம்பினாள்.

"ஹொஷினாவுக்கு ஒரு விரல் பாதி. இனோவுக்கு முட்டி மடங்காது. கடைசியா பேர் கொடுத்தவருக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்துலதான் முடிக்கிறாங்க. எப்படிங்க அது?"

ஹிசாஷி சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யார் முதல்ல முடிக்கிறா?"

"யாரும் முதல்ல இல்லை. மிகாமோசான் முடிச்சதும் எல்லாரும் முடிச்சிடறாங்க."

"அடிப் பைத்தியமே. மிகாமோ நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம அந்தப் பகுதியில யாராவது வீட்டுக்குப் போனதுண்டா? எங்க பகுதி ஆளுங்க ஏழு மணிக்குக் குடிச்சிட்டுத் திரும்பி வர்றப்போகூட அங்க விளக்கு எரியும். வேலையே இருக்காது. சும்மா பென்சில் சீவிட்டு உக்காந்திருப்பானுங்க."

யசுயோ சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவளும் தேநீர்க் கோப்பைகளை இரண்டு தடவை கழுவிக்கொண்டு காத்திருந்தவள்தான். அப்படியும் அவள் கண்ணுக்கு இது தெரியவில்லை.

அன்றைக்கு ஒவ்வொரு கட்டிலையும் சுற்றித் திரையை இழுத்து மூடிவிட்டாள். பார்க்க முடியாவிட்டால் காத்திருக்கவும் முடியாதே என்பது கணக்கு. திரைகளுக்குப் பின்னால் அமைதியாக இருந்தது. மிகாமோவுக்கு வேலை முடிந்ததும் மெத்தையை இரண்டு தட்டுத் தட்டும் பழக்கம் உண்டு. அந்தச் சத்தம் கேட்டதும் எட்டுத் திரைகளும் வரிசையாகத் திறந்தன.

அடுத்த பாடம், படுத்திருப்பவரை எழுப்பாமலே அடியில் விரிப்பு மாற்றுவது. அதற்காக வைத்திருந்த பொம்மையை யசுயோ அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"ஒருத்தர் படுக்கணும்," என்றாள். "மிகாமோசான், நீங்க படுக்கறீங்களா?"

"நானா?"

"நான் படுக்கறேன் டீச்சர்!" "வேண்டாம், நான் இருக்கேன்!" "எனக்கு முதுகு வலி, எனக்குப் படுத்தாத்தான் சுகம்!" ஏழு பேரும் ஒரே நேரத்தில் கட்டிலை நோக்கிப் பாய்ந்தார்கள்.

"அவங்க என்னைத்தானே கேட்டாங்க," என்று மிகாமோ காலணியைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் படுத்தார்.

அவரைத் தொடுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. ஹொஷினா அவர் தோளில் விரலை வைத்து, "மன்னிக்கணும், தலைவரே," என்றார். இடுப்பில் கை வைத்த இனோவும் மன்னிப்புக் கேட்டார். காலைப் பிடித்தவரும் கேட்டார். விதி பறந்துவிட்டது. ஒருவழியாக அவரைச் சுவர்ப் பக்கம் புரட்டினார்கள். அவர் முகம் சுவரைப் பார்த்ததும் அவர்களுடைய கைகள் மாறின. பழைய விரிப்பைச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுத்து, புதியதை விரித்து, அவரை மறுபக்கம் புரட்டி, இழுத்து, மூலை மடித்து ஓய்ந்தார்கள். யசுயோ பணிப்பெண்களிடம் பார்த்த வேகம் அது.

"ஆச்சா?" என்றார் மிகாமோ, கண்ணை மூடிப் படுத்தபடியே.

அவர் எழுந்து உட்கார்ந்தார். விரிப்பைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஆலையிலயும் இப்படித்தானா? நான் இருக்கேன்னு மெதுவா செஞ்சீங்களா?"

ஹொஷினா மட்டும் பேசினார். "இல்லை தலைவரே. அங்க மெஷின் ஓடும். மெஷினுக்குத் தலைவர் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போறதுதான் கொஞ்சம்... லேட்டாகும்."

"எவ்வளவு லேட்?"

"எம் பொண்ணு நான் அவளுக்கு மாமான்னு நினைச்சிட்டிருந்தா, அஞ்சு வயசு வரைக்கும்."

மிகாமோவின் காது சிவந்தது. "இனிமே யாரும் எனக்காகக் காத்திருக்கக் கூடாது," என்றார். வெட்டும் பகுதியில் கட்டளையிடும் அதே குரல் அது.

கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். மறுநாள் ஏழு பேரும் சட்டென்று தங்கள் கட்டிலை முடித்தார்கள். முடித்துவிட்டு, மிகாமோவின் கட்டிலருகே வந்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, அவர் முடிக்கும் வரை வரிசையாக நின்றார்கள். அடுத்த கட்டிலுக்குப் போக ஒருவருக்கும் கால் நகரவில்லை. மிகாமோ அன்று மூலையை நான்கு தடவை தப்பாக மடித்தார்.

அன்றைய வகுப்பு முடிந்ததும் அவர் மட்டும் பின்தங்கி நின்றார்.

"என் பேரை எடுத்துடுங்க, சுகேகாவாசான்."

"நீங்க போனா அவங்களும் போயிடுவாங்க. உங்க பின்னாலதானே வந்தாங்க."

அவர் யோசித்தார். "ஆமா," என்றார். "இருந்தாலும் தப்பு, போனாலும் தப்பு." தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

யசுயோ இரண்டு நாள் இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவராகப் போனால் மற்றவர்கள் கூடவே போவார்கள். வெளியே அனுப்பினால்? தேறவில்லை என்று வகுப்பின் முன்னால் சொல்லி அனுப்பினால்? அது அவர் எடுத்த முடிவு ஆகாது, அதனால் பின்பற்றவும் முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள். இதை முன்கூட்டி அவரிடம் சொல்லி வைக்கலாமா என்றும் நினைத்தாள். சொன்னால் அது நாடகமாகிவிடும். எட்டுப் பேரில் ஒருவருக்கும் நடிக்கத் தெரியாது.

கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"மிகாமோவை ஃபெயில் பண்ணப் போறியா?" ஹிசாஷி செய்தித்தாளை மடித்தார். "நான் நாளைக்குத் தெருவுல எப்படி நடக்கிறது? முடிவெட்டுறவன் அவரோட மச்சான். காதை அறுத்துடுவான்."

"முடி வளர்த்துக்குங்க."

"இருந்தாத்தானே வளர்க்கிறதுக்கு!"

இடைத்தேர்வு நாளன்று யசுயோ எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தனி அறையில் செய்யச் சொன்னாள். பிறகு எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து எழுந்து நின்றாள்.

"ஏழு பேர் கடைசி நாளுக்குத் தயார். மிகாமோசான் தேறலை. மடிப்பு நல்லா இருக்கு, ஆனா ரொம்ப மெதுவு. அடுத்த வகுப்புல முதல்லேருந்து வந்து கத்துக்கணும்."

மிகாமோவின் முகம் வெளுத்தது. பிறகு அவர் உட்கார்ந்தபடியே தலைகுனிந்து வணங்கி, "சரி," என்றார்.

இனோ எழுந்தார். "டீச்சர், தலைவரே தேறலைன்னா நாங்களும் தேறலை. எங்க பேரையும் அடுத்த வகுப்புல எழுதிக்குங்க." மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். யசுயோவுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

"உட்காருங்க!" என்றார் மிகாமோ. உட்கார்ந்தார்கள்.

"நான் மெதுவு. எனக்கு இப்பத்தான் தெரியுது. நாப்பது வருஷத்துல யாராவது ஒருத்தன் 'நீ மெதுவு'ன்னு சொன்னீங்களா? இவங்க சொல்லியிருக்காங்க. எனக்கு இந்த வேலை வேணும். எம் பொண்டாட்டி தினம் காலையில வாசலைக் காட்டுறா. நீங்க எல்லாரும் அடுத்த வகுப்புக்கும் வந்து நின்னா, நான் எப்படிக் கத்துக்கிறது? சாகிற வரைக்கும் ஃபெயில்தான்." அவர் எழுந்து தலைகுனிந்தார். "இது கட்டளை இல்லை. தயவுசெஞ்சு போங்க. போய்த் தேறுங்க."

அந்த ஏழு பேரிடம் அவர் அதற்கு முன் 'தயவுசெஞ்சு' என்று சொன்னதில்லை. ஹொஷினா மெல்ல, "சரி, மிகாமோசான்," என்றார்.

கடைசி நாளன்று மூன்றாம் மாடியில் இருந்தவர்கள் சாப்பிடக் கீழே போனதும் ஏழு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். யசுயோ நடைபாதையில் நின்றாள். நிஷிகோரி அம்மாள் பக்கத்தில் நின்றார். முதல் கட்டிலில் கைகள் வேகமாகத்தான் ஓடின. முடியும் தறுவாயில் மறுபடி தயங்கின. ஒருவர் தலையணை உறையைத் தேவையில்லாமல் நீவினார். ஒருவர் வாசலை எட்டிப் பார்த்தார். தலைவர் இல்லை, எனவே ஆலையில் அவருக்கு அடுத்த பதவியில் இருந்த இனோவின் பக்கம் எல்லாக் கண்களும் போயின. இனோவுக்கு வியர்த்தது.

ஹொஷினா தலையணையைத் தொப்பென்று போட்டார்.

"நான் முடிச்சிட்டேன். திட்டணும்னா யாராவது வந்து திட்டுங்க, நான் பக்கத்துக் கட்டில்லதான் இருப்பேன்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். யாரும் திட்டவில்லை. இரண்டாவதாக ஒருவர் நகர்ந்தார். பிறகு யார் முன்னே, யார் பின்னே என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. இனோ மட்டும் கடைசி வரை கடைசியாகவே இருந்தார். அவருடைய முட்டி உண்மையிலேயே மடங்காதுதான்.

முதல் சக்கர நாற்காலி மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தபோது கடைசிக் கட்டிலின் போர்வை விரிந்துகொண்டிருந்தது. நிஷிகோரி அம்மாள் நாலைந்து மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"மடிப்பு சுமார்தான்," என்றார். "ஆனா படுக்கலாம். எத்தனை பேர் வர்றாங்க?"

ஆறு பேர் அடுத்த வாரமே சேர்ந்தார்கள். ஒருவர் முன்பு செய்துவந்த பைன் மரம் கத்தரிக்கும் வேலைக்கே திரும்பினார். வகுப்பு மூடப்படவில்லை. யசுயோவின் ஒப்பந்தமும் இன்னோர் ஆண்டுக்கு நீண்டது. ஆலையில் ஒரே பகுதியில் இருந்த இருவரை இனி ஒரே வகுப்பில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். ஊரில் இருப்பது ஒரே ஆலை என்பதால் ஆள் போதவில்லை. அதனால் பக்கத்துத் துறைமுகத்தில் வலை பின்னி ஓய்ந்த பெண்களைத் தேடிப் போய்ச் சேர்த்தாள்.

மூன்றாவது வகுப்பில் மிகாமோ கடைசிக் கட்டிலில் நின்றார். அந்தப் பெண்களுக்கு ஆலையும் தெரியாது, தலைவரும் தெரியாது. தங்கள் கட்டில்களை முடித்துவிட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். வாசல் வரை போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

"பெரியவரே, என்ன அது, கோயில் திரைச்சீலையா? தூங்கப் போற கெழவனுக்கு எதுக்கு அவ்வளவு மடிப்புக் கோடு?"

"எனக்குக் கை மெதுவு," என்றார் மிகாமோ. "எங்க தப்புப் பண்றேன்?"

"பார்த்துக்கிட்டே நிக்கறீங்க, அதான் தப்பு. தள்ளுங்க." அவள் ஆரஞ்சை வாயில் போட்டுக்கொண்டு விரிப்பின் மறுமுனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "இப்ப மடிங்க. பார்க்காதீங்க, மடிங்க!"

யசுயோ அவருக்காக நிற்கவில்லை. தன் சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு சாப்பிடப் போனாள்.